நீ கேட்ட ஆறு போத்தல் மூக்கு மருந்து

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நீ கேட்ட மருந்தை நான் அனுப்பவில்லை. முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். லீவு முடிந்து அங்கே திரும்புகிற நஸீர் பார்சலைத் தந்ததும் நீ கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதைத்தான் கிண்டித் தேடுவாய். பார்சலுக்குள் அம்மா இடித்த மிளகாய்த்தூள், மாசிச் சம்பல், உடுக்க இரண்டு சாரம், குளிக்க நாலு சவர்க்காரம் இருக்கின்றன. மூக்குக்கு விடுகிற மருந்து ஒரு போத்தலும் இல்லை. வாங்காமல் விடவில்லை. பாமசியில் இருந்த நாலையும் எடுத்து, மிச்சம் இரண்டுக்கும் அடுத்த மருந்துக் கடைக்கு நடந்து, ஆறையும் உடையாமல் சாரத்துக்குள் சுற்றிக் கட்டியும் போட்டேன். பிறகு நானே அவிழ்த்து எடுத்தேன். எடுத்த கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீளும். நீ எனக்கு எழுதுகிற கடிதத்தை அரைப் பக்கத்தில் முடிப்பாய் என்பதற்காக நானும் அப்படி முடிக்க ஏலாது.

நீ என்ன நினைப்பாய் என்பதும் தெரியும். "அப்பருக்கு எரிச்சல் இன்னும் அடங்கேல்லை" என்று நினைப்பாய். பக்கத்துக் கட்டில் பெடியனுக்குச் சொல்லிச் சிரிப்பாய். சிரி. நான் எரிச்சல்காரன்தான். நம் பழைய இரும்புக் கடைக்கு வருகிற சனத்திடம் விலையைக் கூட்டிச் சொல்லியிருப்பேன், பொருளைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. துருவைத் துரு என்று சொல்லித்தான் விற்றேன். வீட்டில்தான் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு பொய்யை வைத்திருக்கிறேன். என் இடது காது நெருப்புக் காய்ச்சலில் போனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? காய்ச்சலும் இல்லை, ஒன்றுமில்லை. அந்தக் காதை நானே உடைத்தேன். பொறாமையில் உடைத்தேன். இதை முதலில் சொன்னால்தான் மருந்தை ஏன் நிறுத்தினேன் என்பதை நீ நம்புவாய்.

குச்சவெளியிலிருந்து நான் திருகோணமலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் வாயும்தான். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போன காலம். அவன் கழித்துவிட்டுப் போன பித்தளையும் செம்பும் ஈயமும்தான் நம் கடைக்கு அத்திவாரம். கரையில் கிடந்தது தீர்ந்த பிறகு, துறைமுகத்தின் அடியில் கிடப்பதைப் பற்றி எனக்கு யோசனை வந்தது. எத்தனை கப்பல் நின்ற இடம்! அறுந்த சங்கிலியும் கழன்ற குழாயும் தவறி விழுந்த பித்தளையும் ஏழு பாகம் எட்டுப் பாகம், நாற்பது ஐம்பது அடித் தண்ணீருக்குக் கீழே சும்மா கிடந்தன. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சுழியோடுகிற சாமான் அப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் இரண்டு சோடி வாங்கினேன். ஒன்று எனக்கு, மற்றது உன் மாமாவுக்கு. அவன் அம்மாவின் அண்ணன், மீன்பிடிகாரன், நடப்பதைவிட நன்றாக நீந்துவான். ஆனால் சாமான் என்னுடையது, யோசனை என்னுடையது, அனுமதிக் கடுதாசிக்கு அலைந்தவனும் நான். எனக்குப் பின்னால்தான் அவன் இறங்குவான் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாளே தெரிந்துபோனது. இரண்டு பாகம், பன்னிரண்டு அடிகூட முழுசாக இல்லை. இரண்டு காதிலும் யாரோ பெருவிரலை வைத்து அமத்துகிற மாதிரி வலித்தது. மூக்கைப் பொத்தி ஊதினேன். வலது காது திறந்தது. இடது காது கல்லாக இருந்தது. மேலே வந்து திரும்ப இறங்கினேன். அதே இடம், அதே வலி. மாமா எனக்குப் பக்கத்தால் கீழே போனான். மூக்கைக்கூடப் பொத்தவில்லை. எச்சில் விழுங்குகிறவன் மாதிரித் தாடையை ஒருக்கால் அசைத்தான், அவ்வளவுதான். அவனுடைய குமிழிகள் என் முகத்தில் பட்டு மேலே போயின.

வள்ளத்தில் ஏறியதும் கேட்டேன். "எப்பிடியடா செய்யிறாய்?"

"என்னத்தை?"

"காதை."

"நான் ஒண்டும் செய்யேல்லை மச்சான், அது தன்ரைபாட்டிலை திறக்குது. நீ வலி வர முந்தி ஊதோணும். வலி வந்த பிறகு ஊதினால் அது கோவிச்சுக்கொண்டு பூட்டிப்போடும். தலைகீழாய்ப் போகாதை. கயித்தைப் பிடிச்சு, கால் கீழையாய் இறங்கு. ஒரு முழத்துக்கு ஒருக்கால் மெல்ல ஊது. திறக்காட்டி ஒரு முழம் மேலை வா. ஆரும் உன்னைப் பின்னாலை கலைக்கினமே?"

"சாமான் வாங்கினவன் நான். நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்றேன்.

அவன் சிரித்தான். அவன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதனால்தான் அது என் தலையில் ஏறவில்லை.

அவன் மேலே வந்து சொல்லுகிற கதைகள்தான் என்னைத் தின்றன. பின்னேரத்தில் நம் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்தியிருந்து சொல்லுவான். அடியில் வெளிச்சம் பச்சையாக இருக்குமாம். சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு மீன் குடித்தனம் நடத்துமாம். பெரிய களவாய் மீன் ஒன்று நாய்க்குட்டி மாதிரி அவனுக்குப் பின்னால் திரியுமாம். அம்மா அகப்பையைப் பிடித்தபடி, குழம்பு கொதித்து வழிவதும் தெரியாமல் நின்று கேட்பாள். சீனக்குடாவில் ஒரு லொறி செம்புக் கம்பியை எப்படிப் பேரம்பேசி மடக்கினேன் என்று நான் சொன்னால், "ம்" என்றுவிட்டு உப்புப் பார்ப்பாள். அந்த முகம் எனக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. பெண்சாதியின் கூடப்பிறந்தவன்மேல் ஒருத்தனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பாய். எனக்கு வந்தது. அந்த மீன்மேலும் வந்தது.

அதோடு சந்தேகமும் சேர்ந்தது. "இண்டைக்கு இவ்வளவுதான் மச்சான்" என்று அவன் சொன்னால் அவ்வளவுதான் என்று நான் நம்ப வேண்டும். என் வியாபாரத்தில் பாதி எனக்குத் தெரியாத இடத்தில் கிடந்தது. அதைப் பார்க்கிற கண் இன்னொருவனுடையது. அவன் ஒரு திருகாணியைக்கூட ஒளித்தவன் இல்லை என்று இன்று எழுதுகிறேன். அன்று அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் எனக்குள் ஒரு கெட்டித்தனம் முளைத்தது. வள்ளத்தில் பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கிறோம், தண்ணீர் உள்ளே வருவதில்லை. காதுக்கும் அடித்தால் என்ன? தண்ணீர் போய் அமத்துவதால்தானே வலி! நல்லெண்ணெயில் தோய்த்த பஞ்சை இரண்டு காதிலும் இறுக்கித் திணித்து, மேலே மெழுகை உருக்கிப் பூசினேன். மாமாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் படிப்பிப்பான்.

மூன்று பாகம் இறங்கினேன். வலித்தது, விடவில்லை. நாலு பாகம். கீழே அவனுடைய கால்கள் ஆடுவது தெரிந்தது. இன்றைக்கு எட்டிப் பிடித்துவிட்டேன் என்ற வெறியில் மூக்கைப் பொத்தி, உயிரைக் கொடுத்து ஊதினேன். தலைக்குள் சீலை கிழிகிற சத்தம். வலி உடனே நின்றது. என்ன நிம்மதி என்று நினைப்பதற்குள் குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் பாய்ந்தது, துறைமுகம் முழுக்கச் சுற்றத் தொடங்கியது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. குமிழி போகிற பக்கம்தான் மேல் என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரம் குமிழியும் சேர்ந்துதான் சுற்றியது. என் வாயிலிருந்த ரப்பர் கழராமல் கையால் அமத்திப் பிடித்து, கயிற்றோடு என்னை இழுத்துக்கொண்டு மேலே வந்தவன் மாமா.

மெழுகைத் தோண்டி எடுத்தபோதுதான் அவனுக்கு விளங்கியது. பஞ்சு முழுக்க இரத்தம். "வெளியிலை அடைச்சுப்போட்டு உள்ளுக்கையிருந்து ஊதினால் அந்தத் தோல் எங்கை மச்சான் போறது?" என்று அழுதான். அவன்தான் அழுதான். நான் வள்ளத்து விளிம்பில் கிடந்து குமட்டிக் குமட்டிச் சத்தி எடுத்துக்கொண்டே அவனிடம் சத்தியம் வாங்கினேன்: உன் தங்கச்சிக்கு வாய் திறக்கக் கூடாது, காய்ச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று கிழமை கட்டிலில் கிடந்தேன். எழும்பினபோது இடது காது செத்திருந்தது. உயிரைத் தந்தவனுக்கு இன்றுவரை ஒரு நன்றி சொன்னதில்லை. என்னுடைய சோடியை விற்றேன். அதற்குப் பிறகு வள்ளத்தில் இருந்து கயிறு பிடித்துக் குமிழி பார்ப்பதுதான் என் வேலை. கடலை வைத்துப் பிழைத்தவன், கடலின் முகட்டை மட்டும் கண்டவன்.

பிறகு நீ வந்தாய். நிலாவெளிக்கு அப்பால் முதல் முறை சிலிண்டரோடு இறங்கினபோது உனக்குப் பதினேழு வயது. எங்கும் நிற்காமல் ஆறு பாகத்துக்குப் போய் அடியில் நின்று கையைக் காட்டினாய். மாமா தொடையில் தட்டிச் சொன்னான், "மருமோன்ரை காது எங்கடை வீட்டுக் காது!" எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து எரிந்தது. அன்று பின்னேரம் நீயும் அவனும் மாறி மாறிக் கதை சொல்ல, அம்மாவின் முகத்தில் அதே வெளிச்சம். நான் எழும்பிப் போய்க் கடையைத் திறந்து, ஒரு வேலையும் இல்லாமல் இருந்தேன்.

எரிச்சல் என்றால் அதோடு நின்றிருக்கலாம். போன வருஷம் வெளிநாட்டுக் கொம்பனிக்காரன் சுழியோடிகளை எடுக்க இங்கே வந்தானே, அன்று உனக்குத் தடிமன். மூக்கும் குரலும் அடைத்திருந்தன. மாமா என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னான்: "இண்டைக்கு இறக்காதை. தடிமன் எண்டு சொல்லி நாளைக்குக் கேள். மூக்கடைச்சவனை ஆரும் இறக்க மாட்டினம், அவங்களுக்கும் தெரியும்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்குப் பொறாமை. மருமோன் உன்னைவிட மேலை போறது உனக்குப் பொறுக்கேல்லை." பொறாமையைப் பற்றி அவனுக்கு நான் சொன்னேன்! பிறகு பாமசிக்கு ஓடி அந்தச் சின்னப் போத்தலை வாங்கி, உன் தலையை நிமிர்த்தி, என் கையாலேயே மூக்கில் விட்டேன். பத்து நிமிஷத்தில் மூக்கும் திறந்தது, காதும் திறந்தது. முதல் இறக்கத்தில் நீதான் ராசா. இரண்டாம் தரம் உன்னைக் கூப்பிட நேரம் போய்விட்டது. அடியில் வைத்து மருந்தின் வேகம் அடங்கிவிட்டது. மேலே வரும்போது பாதியில் நின்றாய். கொஞ்சம் இறங்கினாய், ஏறினாய், திரும்ப இறங்கினாய். குமிழியைப் பார்த்தே எனக்கு விளங்கும். அதுதானே என் படிப்பு. வந்ததும் முகத்துக் கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் பிடித்து அவசரமாகத் தண்ணீரில் கழுவினாய். ஒருவரும் காணவில்லை என்று நினைத்தாய். நான் கண்டனான். இரத்தம்.

கண்டதும் என் மனம் முதலில் பதறவில்லை. "இப்ப தெரியுதோ?" என்றது. ஒரு மூச்சு நேரம்தான், ஆனால் சொன்னது. நேரே நின்று இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. இந்தக் கடுதாசியில் கேட்கிறேன்.

நீ வேலைக்கு எடுபட்டாய். அந்தப் போத்தல்தான் உன்னை எடுத்துவிட்டது என்று நீ நம்பினாய். அந்த நம்பிக்கையை உனக்குப் பழக்கினவன் நான். இப்போது உன் கடிதம் வருகிறது: குளிரூட்டின அறையில் படுத்து வெயிலில் வேலைக்குப் போவதால் தடிமன் விடுவதில்லை, ஒவ்வொரு நாளும் மருந்து விட்டால்தான் காது திறக்கிறது, அங்கே வாங்கினால் கொம்பனி டொக்டருக்குத் தெரிந்துபோகும், ஆறு போத்தல் அனுப்புங்கோ, மாமாவுக்குச் சொல்ல வேண்டாம். தம்பி, அந்தக் கடைசி வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். மாமாவுக்குத் தெரியாத ஒன்று, எனக்கு மட்டும்! நீ பிறந்த நாளிலிருந்து நான் காத்திருந்த வரி அது. அந்தச் சந்தோஷப் புழுகத்தில்தான் பாமசிக்குப் போனேன். அடுத்த நாள் காலமை உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். ஆலோசனை கேட்கப் போகவில்லை. அவனுக்குக் காட்டத்தான் போனேன்.

மாமா முற்றத்தில் கதிரையைப் போட்டுச் சவரம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மற்றதில் நுரை.

"என்ன மச்சான், காலமை இந்தப் பக்கம்? கடை எரிஞ்சு போச்சோ?"

"மகன் கடிதம் போட்டிருக்கிறான்."

"எனக்கும் வந்தது. நாலு பக்கம்."

"இது உனக்கு எழுதாத கதை" என்று நீட்டினேன்.

அவன் வாசிக்க வாசிக்க நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வரியில் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். சுருங்கவில்லை.

"எத்தினை போத்தலாம்?"

"ஆறு. எழுதியிருக்கிறானே."

"ஆறு கேட்டால், நாள் தவறாமல் விடுறான்."

"விட்டால்தானே இறங்கலாம்?"

"இறங்கிறதிலை பயமில்லை மச்சான். காது திறக்காட்டி மேலை வந்திடலாம். நீ ஆயிரம் தரம் வந்தனி, உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? மருந்தின்ரை வேகம் அடியிலை வைச்சு விட்டுப்போச்செண்டால் என்ன செய்யிறது? காதுக்குள்ளை போன காத்து வெளியிலை வர ஏலாது. அவன் மேலை வர வர அது பெருக்கும். தோல் கிழியும், இல்லாட்டித் தலை சுத்தும். சிலிண்டரிலை காத்து முடியுது. மேலை வரவும் ஏலாது, கீழை நிக்கவும் ஏலாது. எங்கை போவான்?"

அந்தச் சுற்றலுக்குள் நின்றவன் அந்த முற்றத்தில் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு என்னை இழுக்க அவன் பக்கத்தில் இருந்தான். உனக்குப் பக்கத்தில் அங்கே எவன் இருக்கிறான்? உன் காது அடைக்கிறது என்று தெரிந்தவன் எவன்? ஒருவனுக்கும் நீ சொல்லவில்லையே!

"என்னைப் பொறாமைக்காரன் எண்டு சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றான் மாமா. "ஆனால் அனுப்பாதை." மற்றக் கன்னத்தை வழிக்காமலே எழும்பி என்னோடு நடந்துவந்தான். வழியெல்லாம் சனம் பார்த்துச் சிரித்தது. நான் பார்சலை அவிழ்க்கும்வரை நின்றுவிட்டுத்தான் போனான்.

ஆறு போத்தலையும் கண்ட அம்மா என்ன இது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் காதில் தொடங்கி. அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"உங்கடை காதின்ரை கதை எனக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது? அவன் எனக்குச் சத்தியம் பண்ணினவன்!"

"அண்ணை வாயாலை ஒண்டும் சொல்லேல்லை. அந்தப் பஞ்சையும் மெழுகையும் கொண்டுவந்து காட்டினவர். இவ்வளவு காலமும் நான் ஏன் உங்கடை வலப்பக்கம் நிண்டு கதைக்கிறன் எண்டு நீங்கள் யோசிக்கேல்லையோ?"

யோசிக்கவில்லை. அவளுக்கு அது என்னிடமிருந்து தெரியாமல் அண்ணனிடமிருந்து தெரிந்ததே என்று அதிலும் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வந்தது. நீயே பார், இந்த மனுஷனைத் திருத்த ஏலாது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றே உன் மேலாளிடம் போய், மூக்கு அடைத்திருக்கிறது, மருந்து விட்டுத்தான் இவ்வளவு நாளும் இறங்கினேன் என்று சொல்லு. கோபிப்பான். மேலே நின்று கயிறு பிடிக்க விடுவான். பிடி. நான் இத்தனை வருஷம் பிடித்தேன், செத்துப்போகவில்லை. காது மூக்குப் பார்க்கிற டொக்டரிடம் ஒளிக்காமல் காட்டு. தடிமன் முழுக்க விட்டு, மருந்து இல்லாமல், தரையில் நின்று எச்சில் விழுங்கினாலே இரண்டு காதும் திறக்கிற நாளில் இறங்கு. அதற்கு முன் ஒரு முழமும் வேண்டாம். "இண்டைக்கு ஒரு நாள்தானே" என்று உன் மனம் உன்னோடு பேரம் பேசும். பேரத்தில் தலை நரைத்தவன் சொல்கிறேன்: அவசரப்படுத்திப் பேசுகிறவனிடம் நான் ஒருநாளும் பொருள் எடுத்ததில்லை.

வேலையால் நிற்பாட்டினால் வந்துவிடு. ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்று ஊர் கதைக்கும். கதைக்கட்டும். பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. ஒரு காது இல்லாததால் பாதிக் கதை கேட்கவும் கேட்காது.

பொறாமையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நானும் நம்பமாட்டேன். நீ திரும்பவும் அடியில் நின்று எனக்குத் தெரியாத எதையோ பார்த்துவிட்டு வருவாய், எனக்கு வயிறு எரியும். அதற்கு உன் இரண்டு காதும் முழுசாக இருக்க வேண்டும். உன்னைப் பார்த்து நான் எரிய வேண்டிய வருஷங்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அதை எனக்கு இல்லாமல் பண்ணிப்போடாதே.

அப்பா